வேலை நிலைக்குமா? தகுதித் தேர்வுத் தீர்ப்பும் நம் ஆசிரியர் குடும்பங்களும்



2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றித் தீர்ப்பு வழங்கிய பிறகு, நம் அறக்கட்டளைக்கு வரும் அழைப்புகளில் ஒரு புதிய குரல் சேர்ந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கி, குடும்பத்தைத் தாங்கி, ஆண்டுதோறும் நமக்கு ஜகாத்தும் ஸதகாவும் கொடுத்து வந்த ஆசிரியைகள், "எங்க வேலை போயிடுமா?" என்று கேட்கிறார்கள். கொடுத்துப் பழகிய கை, கேட்கக் கூசும். அதனால் பலர் கேட்காமலேயே இருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இந்த மாதப் பாடத்தை அவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் எழுதுகிறோம்.

முதலில் தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். பாதி அச்சம் அரைகுறைச் செய்தியால் வருவது.

தீர்ப்பின் சுருக்கம்

இந்த வழக்கின் தலைப்பிலேயே நம் சமுதாயம் இருக்கிறது. அஞ்சுமன் இஷாஅத்தே தஃலீம் அறக்கட்டளை என்ற மகாராஷ்டிர முஸ்லிம் கல்வி அறக்கட்டளை முதல் மேல்முறையீட்டாளர். தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பதவி உயர்வு பற்றி 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் மீதான மேல்முறையீடுகளும் இதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டன. நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ் ஆகியோர் தீர்ப்பளித்தனர்.

பின்னணி இதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பாடம் நடத்துவோருக்குத் தகுதித் தேர்வைக் குறைந்தபட்சத் தகுதிகளில் ஒன்றாக அறிவித்தது. தமிழ்நாட்டில் 2011 நவம்பர் 15 தேதியிட்ட 181ஆம் எண் அரசாணை வழியாக இது வந்தது. அதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அப்படி நம்பியதில் அவர்கள் தவறு ஏதுமில்லை. அரசும் அப்படித்தான் நடத்தி வந்தது. இப்போது அந்த நம்பிக்கைதான் உடைந்திருக்கிறது.

தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள், தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதாவது 2027 ஆகஸ்ட் முடிவதற்குள். தேறாவிட்டால் பணியிலிருந்து விலக வேண்டும், அல்லது கட்டாய ஓய்வு அளிக்கப்படலாம். அப்போதும் அவர்களுக்குச் சேர வேண்டிய ஓய்வுக்காலப் பலன்கள் உண்டு. அந்தப் பலன்களுக்குத் தேவையான பணிக்காலம் கொஞ்சம் குறைந்தால், துறைக்கு விண்ணப்பித்துப் பரிசீலிக்கக் கேட்கலாம் என்றும் தீர்ப்பு சொல்கிறது. இதைப் பலர் கவனிக்கவில்லை. தீர்ப்பு நாளில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவான பணிக்காலமே மீதமிருந்தவர்கள் தேர்வு எழுதாமலேயே ஓய்வு வரை பணியில் நீடிக்கலாம். ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேற வேண்டும். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. ஆகவே அந்நாளில் 55 வயதைத் தாண்டியிருந்தவர்கள் இரவு விழித்துக் கவலைப்பட வேண்டியதில்லை. 11, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும் பாடம் நடத்தும் முதுகலை ஆசிரியர்களும் இந்த வளையத்துக்குள் வரவில்லை.

சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை வேறு. கல்வி உரிமைச் சட்டம் அரசியலமைப்பின் 30(1) பிரிவின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் பிரமாட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியிருந்தது. அந்த முடிவு சரிதானா என்ற ஐயத்தை எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்காகத் தலைமை நீதிபதியிடம் இப்போது அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு விடை வரும் வரை சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு தொடர்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். விலக்கு பள்ளிக்குத்தான், ஆளுக்கு அல்ல. அரசுப் பள்ளியிலோ ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலோ பணிபுரியும் முஸ்லிம் ஆசிரியை, தாம் முஸ்லிம் என்பதால் விலக்குப் பெற மாட்டார். நம் சிறுபான்மைப் பள்ளியில் பணிபுரியும் இந்து, கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு இப்போதைக்கு விலக்கு உண்டு. "நமக்கெல்லாம் இது கிடையாதாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை நம்பி ஒரு தேர்வு வாய்ப்பைத் தவறவிட்டவர்களும் இருக்கிறார்கள். யாராவது தீர்ப்பைப் பற்றிச் செய்தி அனுப்பினால், அது எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்த வயது பற்றியது என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு தாக்கல் செய்திருக்கிறது. பணியில் இருப்பவர்களுக்காக 2026இல் சிறப்புத் தகுதித் தேர்வுகள் நடத்துவதாகவும் அறிவித்திருக்கிறது. சங்கங்கள் போராடுகின்றன, போராடவும் வேண்டும். பணியில் சேரும்போது இல்லாத நிபந்தனையை இருபது ஆண்டு கழித்து வைப்பது நியாயமா என்று கேட்க ஆசிரியர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மறுஆய்வின் முடிவுக்காகப் புத்தகத்தைத் திறக்காமல் காத்திருப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிமொழியை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களே நாம்தான்.

சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறோம். "நாங்கள் தேர்வு எழுதினால் நம் 30(1) உரிமையை நாமே விட்டுக்கொடுத்தது போலாகுமே" என்று சில நிர்வாகிகள் கூறுவதைக் கேட்டோம். நம் கருத்து அதுவல்ல. உரிமை நிறுவனத்துடையது, தேர்ச்சிச் சான்றிதழ் தனி நபருடையது. ஓர் ஆசிரியர் சொந்த விருப்பத்தில் தேர்வு எழுதி வைத்துக்கொள்வதால் நிறுவனத்தின் உரிமை குறைந்துவிடாது. தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது வாழ்நாள் முழுவதும் செல்லும். நாளை பெரிய அமர்வு எந்தப் பக்கம் தீர்ப்பளித்தாலும் அது கையில் இருப்பது நல்லது.

கோடரியின் கைப்பிடி

அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சி நம்மில் பலருக்குத் தெரியும். அன்சாரித் தோழர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஏதும் இருக்கிறதா என்று நபி (ஸல்) கேட்டார்கள். பாதியை உடுத்தி பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, கூட்டத்தில் ஏலம் விட்டு, இரண்டு திர்ஹமுக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹமுக்குக் குடும்பத்துக்கு உணவு, ஒரு திர்ஹமுக்குக் கோடரி. கோடரிக்குக் கைப்பிடியைத் தம் கையாலேயே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கண்ணில் படக்கூடாது என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார்.

உழைத்துப் பிழை என்று சொல்வதற்காக மட்டும் இந்த நிகழ்ச்சியைப் பலர் எடுத்துச் சொல்வார்கள். அதில் இன்னும் சில விஷயங்கள் உண்டு. முதல் கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பது. பணத்தில் சரிபாதி, கருவி வாங்குவதற்கு முன் உணவுக்குப் போனது. பசியோடு விறகு வெட்டச் சொல்லவில்லை. கால அளவு ஒன்று வைக்கப்பட்டது. கைப்பிடியைப் பொருத்தியது வந்தவர் அல்ல, சமுதாயத்தின் தலைவர். இந்த வரிசையை அப்படியே நம் ஆசிரியர் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

வீட்டில் என்ன இருக்கிறது?

48 வயது இடைநிலை ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். தம்மிடம் ஒன்றுமில்லை, எல்லாம் மறந்துவிட்டது என்பார். உண்மையில் அவர் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் தினம் நடத்தியவர். தாள் 1இல் 150 கேள்விகள், 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, கணிதம் 30, சூழ்நிலையியல் 30. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் உள்ளிட்ட இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையிலேயே பாருங்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். தமிழில் 24, சூழ்நிலையியலில் 20, குழந்தை மேம்பாட்டில் 20, ஆங்கிலத்தில் 15, கணக்கில் 15. கூட்டினால் 94. ஆங்கிலத்திலும் கணக்கிலும் பாதிக்குப் பாதி எடுத்தாலே போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே ஓ.எம்.ஆர். தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக விடக்கூடாது. நம் மாதிரித் தேர்வில், தெரியாததை நிரப்புவது பொய் சொல்வது போல் இருக்கிறது என்று சில சகோதரிகள் விட்டுவிட்டார்கள். அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம், ஆனால் தேர்வு விதி அதை அனுமதித்திருக்கிறது.

தாள் 2 இன்னும் சங்கடமானது. அதில் குழந்தை மேம்பாடு, மொழி, ஆங்கிலம் தலா 30 போக, மீதி 60 கேள்விகள் கணிதம்-அறிவியலாகவோ சமூக அறிவியலாகவோ இருக்கும். பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ மட்டும் நடத்தி வந்த பட்டதாரி ஆசிரியர், தம் பாடத்துக்குத் தொடர்பில்லாத 60 கேள்விகளை எதிர்கொள்ள வேண்டும். இது நியாயமான குறை. இப்படிப்பட்டவர்கள் சமூக அறிவியலை எடுத்துக்கொண்டு, 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களை வரிசையாகப் படிப்பதுதான் வழி. கடையில் விற்கும் தடித்த வழிகாட்டி நூல்களைவிடச் சமச்சீர் பாடநூல்கள் போதுமானவை. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கத்து உருது வழிப் பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க: மொழிப் பகுதிக்கு உருதைத் தேர்வு செய்யலாம். ஆனால் மற்ற பாடங்களின் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். நன்றாகத் தெரிந்த கணக்கையே கேள்வி புரியாமல் விடுபவர்கள் உண்டு. கலைச்சொற்களை மூன்று மொழியிலும் எழுதிய ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எளிது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அரசே அக்டோபரில் மறுபடியும் தேர்வு வைக்க நேர்ந்தது. கடினம்தான். அதனால்தான் ஒரே தேர்வை நம்பாமல், கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் விண்ணப்பிக்கச் சொல்கிறோம்.

உணவுக்கு ஒரு திர்ஹம்

படிக்கும் காலத்தில் வீட்டுக் கணக்கை முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். வீட்டுக் கடன், நகைக் கடன், சீட்டு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து எழுதுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் புதுக் கடன் வேண்டாம். "வேலை இருக்கும்போதே லோன் வாங்கிக்கலாம்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வேலை உறுதியில்லாத நேரத்தில் சம்பளத்தைக் காட்டி வட்டிக் கடன் வாங்குவது மார்க்கத்திலும் கூடாது, கணக்கிலும் கூடாது. மகள் திருமணத்தை இந்த இடைவெளியில் வைத்திருப்பவர்கள், விருந்தைக் குறைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது. யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் கதிரோடு தானியத்தைச் சேர்த்து வைக்கச் செய்தது பஞ்சம் வந்த பிறகு அல்ல.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியிலிருந்து ஐந்து மணிக்கு வந்து, சமையல் முடித்து, பிள்ளைகளை ஓதவைத்து, இஷா தொழுத பிறகு புத்தகத்தைத் திறக்கும் பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் கண் சொருகிவிடும். சம்பளத்தைக் குடும்பம் முழுதும் சாப்பிட்டது. படிப்புச் சுமையை மட்டும் அவர் தனியே சுமக்கக் கூடாது. ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்குங்கள். காலை டிபனை அன்று அத்தாவோ மாமியோ பார்த்துக்கொள்ளட்டும்.

தனியார் பள்ளி ஆசிரியர்கள்

வேலை பறிபோகும் அச்சம் இவர்களுக்குப் புதிதல்ல. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது சம்பளம் நின்று, காய்கறி விற்றவர்களும் தையல் தைத்தவர்களும் நம் தெருக்களிலேயே உண்டு. இவர்கள் முதலில் செய்ய வேண்டியது காகிதங்களைச் சேர்ப்பது: பணி நியமன ஆணை, சம்பளம் வங்கிக்கு வந்த பதிவு, வருகைப் பதிவேட்டின் நகல், பி.எஃப். எண். நியமன ஆணையே தராத பள்ளிகளும் இருக்கின்றன, நம் சமுதாயத்தார் நடத்துபவையும் அதில் அடக்கம். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வது வெட்கப்பட வேண்டியது. 

பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியர்களுக்கு உண்டு என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. 2009இல் வந்த சட்டத் திருத்தம் அதை 1997 ஏப்ரல் 3 முதல் அளித்தது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது கணக்கு. மாதம் 12,000 ரூபாய் வாங்கி எட்டு ஆண்டு பணிபுரிந்தவருக்கு, 12,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, எட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 55,385 ரூபாய் வரும். அது நிர்வாகம் மனமிரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல, உழைத்தவரின் ஹக்.

உதவிபெறும் பள்ளிகளும் நம் பிள்ளைகளும்

தேர்வு இல்லாமலேயே பணியிடம் போகும் இன்னொரு வழி இருக்கிறது. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தவை. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35க்கு ஒருவர் என்பது விகிதம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். நம் முன்னோர் சொத்தை வக்ஃப் செய்து தொடங்கிய பள்ளிகள் சிலவற்றில் இன்று வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள். ஜமாஅத் நிர்வாகிகளின் பேரப்பிள்ளைகளே வேறு பள்ளி வேனில் ஏறிப் போகிறார்கள். ஆசிரியர் வேலை போகிறதே என்று ஜும்ஆவில் துஆ கேட்பதோடு, மே மாதத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கை நடத்தவும் ஜமாஅத் முன்வர வேண்டும். பெற்றோர் கேட்கும் கழிப்பறை, ஆங்கிலம், பாதுகாப்பு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் சேர்க்கை கேட்பதும் வீண்.

கைப்பிடி பொருத்துவது

பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே மீட்புத் தொகையாக ஏற்றுக்கொண்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கற்பிப்பவருக்கு அவ்வளவு மதிப்பு. நம்மிடம் உள்ள ஆசிரியரைக் காப்பாற்ற நாம் என்ன செலவழிக்கலாம்?

ஜகாத் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும், நிஸாப் அளவு உடைமை உள்ள ஆசிரியருக்குத் தேர்வுக் கட்டணத்தை ஜகாத்திலிருந்து கொடுக்க முடியாது. அதற்கு ஸதகா நிதியைப் பயன்படுத்தலாம். வேலை இழந்து வறுமைக்கு வந்தவரும், அடைக்க வழியில்லாத கடனில் மூழ்கியவரும் ஜகாத் பெறத் தகுதி உள்ளவர்களே. அப்போதும் பயிற்சி மையத்துக்கு நாம் நேராகக் கட்டிவிடாமல், தொகையை அவர் கையில் கொடுத்து அவருடைய உடைமை ஆக்க வேண்டும். அவரவர் நிலையை உள்ளூர் ஆலிமிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கு நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனாகிய கர்ழுன் ஹசனா இருக்கிறது. பெயர் வெளியே வராது.

தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசாமல் ஒருவர் ஒதுங்கினால், அதை ஈமான் குறைவு என்று சொல்லிக் காயப்படுத்தாதீர்கள். துஆவோடு மருத்துவரையும் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

நம் அறக்கட்டளை மாடியில் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் தகுதித் தேர்வுப் படிப்பு வட்டம் நடக்கிறது. சகோதரிகளுக்குத் தனி வாசல், சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. சகோதர சமய ஆசிரியர்களும் வருகிறார்கள், உங்கள் பள்ளியில் உடன் பணிபுரிபவரையும் அழைத்து வாருங்கள். கணக்கும் அறிவியலும் நடத்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இன்னும் இரண்டு பேர் தேவை. வரும்போது உங்கள் கல்விச் சான்றிதழ்களின் நகல், பணியில் சேர்ந்த நாள், பிறந்த தேதி ஆகியவற்றைக் கொண்டு வந்தால், நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதை அன்றே பார்த்துச் சொல்லிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.